தட்டம்மை வைரஸ் செல்லுக்குள் நுழைவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியல் மாணவர்கள், ஆய்வகத்தில் செல் வளர்ப்பவர்கள், தடுப்பூசிப் பணியில் இருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இங்கே தட்டம்மை என்பது மீசில்ஸ். சில ஊர்களில் அதை மணல்வாரி என்பார்கள், இலங்கையில் சின்னமுத்து என்பார்கள். தமிழ்நாட்டில் சின்னம்மை எனப்படும் சிக்கன்பாக்ஸ் வேறு குடும்பத்து வைரஸால் வருவது. அதற்கும் இந்தப் பக்கத்துக்கும் தொடர்பில்லை.

ஒரே மூச்சில் சொல்லுங்கள்: இந்த வைரஸ் எந்தச் செல்லுக்குள், எதைப் பிடித்துக்கொண்டு நுழைகிறது?

ஊரில் பரவும் தட்டம்மை வைரஸுக்கு இரண்டு ஏற்பிகள், அதாவது செல்லின் மேல் அது பிடித்துக்கொள்ளும் புரதங்கள், உண்டு. நோயெதிர்ப்புச் செல்களின் மேலிருக்கும் ஸ்லாம் என்ற புரதத்தைப் பிடித்து உடலுக்குள் வருகிறது. இதற்கு சிடி150 என்றும் பெயர். பிறகு மூச்சுப்பாதையின் உட்பரப்புச் செல்களில் உள்ள நெக்டின்-4 புரதத்தைப் பிடித்து வெளியே போகிறது. தடுப்பூசி வைரஸும் அதன் ஆய்வக உறவினர்களும் மட்டும் சிடி46 என்ற மூன்றாவது புரதத்தையும் பயன்படுத்தும். வாசல் வேறு, கொல்லைப்புறம் வேறு என்ற இந்த ஒரு செய்தி மனதில் நின்றால் நோயின் போக்கு முழுவதும் விளங்கும்.

வைரஸின் மேல் அப்படி என்ன இருக்கிறது?

கொழுப்புச் சவ்வால் ஆன உறை. அதில் இரண்டு வகைப் புரதங்கள் முள் முள்ளாக நிற்கும். ஒன்று எச் புரதம், 617 அமினோ அமிலங்கள் கொண்டது. பிடிப்பது அதன் வேலை. மற்றொன்று எஃப் புரதம். இரண்டு சவ்வுகளை ஒன்றாகக் கலப்பது அதன் வேலை.

எச் நான்கு நான்காகச் சேர்ந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டும் அதன் மேல் ஒரு தலையும் உண்டு. தலை ஆறு இதழ் கொண்ட காற்றாடி போன்றது. எஃப் மூன்று மூன்றாக நிற்கும். உறைக்குள்ளே சுமார் 15,900 எழுத்து நீளமுள்ள எதிர்ச்சுழி (நெகட்டிவ் சென்ஸ்) ஆர்.என்.ஏ. இழை, என் புரதத்தால் சுற்றப்பட்டுக் கிடக்கும். அதைப் படியெடுக்கும் எல், பி புரதங்களும் கூடவே வரும். மனிதச் செல்லிடம் இந்த வகை ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி கிடையாது. ஆகவே வைரஸ் அதைத் தன்னோடு எடுத்துவந்தே ஆக வேண்டும்.

என் பாடப்புத்தகத்தில் ஏற்பி சிடி46 என்றுதான் இருக்கிறது. அது தவறா?

பாதி சரி. குழப்பத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் தட்டம்மை வந்த ஒரு பள்ளி மாணவனிடமிருந்து ஜான் எண்டர்ஸும் தாமஸ் பீபிள்ஸும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மாணவனின் குடும்பப் பெயரே எட்மன்ஸ்டன் வகை என்று நிலைத்துவிட்டது. அந்த வைரஸ் மனிதச் சிறுநீரகச் செல், பனிக்குடச் செல், கோழிக்கருச் செல் என்று மாறி மாறிப் பலமுறை வளர்க்கப்பட்டது. அப்படி வளர்ந்ததில் அது ஒரு புதுப் பழக்கம் கற்றுக்கொண்டது. எச் புரதத்தின் 481-ஆம் இடத்தில் இருந்த அஸ்பராஜின் போய் டைரோசின் வந்தது. இந்த ஒரே மாற்றம், சிடி46-ஐப் பிடிக்கும் திறனைக் கொடுக்கப் பெருமளவு போதும்.

1993-இல் ஏற்பியைத் தேடியவர்கள் கையில் இருந்தது இந்த வகை வைரஸ்தான். சிடி46 மனித உடலில் உட்கரு உள்ள எல்லாச் செல்களிலும் இருக்கிறது. நம் செல்களை, கிருமிகளைத் தாக்கும் நம்முடைய காம்ப்ளிமென்ட் புரதங்களே தாக்காமல் காப்பது அதன் சொந்த வேலை. அவர்கள் கண்டது அவர்கள் வைரஸுக்கு உண்மை. ஆனால் நோயாளியின் தொண்டையிலிருந்து புதிதாக எடுத்த வைரஸ் சிடி46 நிறைந்த செல்களில் வளர மறுத்தது. மார்மோசெட் குரங்கின் பி லிம்போசைட் என்ற வெள்ளையணுவிலிருந்து வந்த பி95ஏ செல்லில் மட்டும் செழித்தது. சிடி46 மட்டுமே வாசல் என்றால் இது பொருந்தாது. இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு போன ஜப்பானிய ஆய்வாளர் யூசுகே யனாகியின் குழு 2000-இல் ஸ்லாமைக் கண்டுபிடித்தது.

நெக்டின்-4 கிடைக்க 2011 வரை ஆனது. புற்றுநோயிலிருந்து வந்த சில உட்பரப்புச் செல் வரிசைகள் ஸ்லாம் இல்லாமலேயே ஊர் வைரஸுக்கு இடம்கொடுத்தன, சில கொடுக்கவில்லை. இரண்டு வகைச் செல்களிலும் எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுத் தனித்தனியே இரண்டு குழுக்கள் அதே விடைக்கு வந்து சேர்ந்தன.

தேர்வில் எழுதும்போது இப்படி எழுதுங்கள்: ஸ்லாமும் நெக்டின்-4-உம் எல்லா வகை வைரஸுக்கும், சிடி46 தடுப்பூசி மற்றும் ஆய்வக வகைகளுக்கு மட்டும்.

மூச்சு வழியாகத்தானே வருகிறது? அப்படியானால் முதலில் தாக்குவது மூக்கையும் தொண்டையையும்தானே?

இல்லை. பழைய படங்கள் எல்லாம் அப்படித்தான் வரைந்திருக்கும். ஆனால் மூச்சுப்பாதைச் செல்களில் நெக்டின்-4 இருக்கும் இடத்தைப் பாருங்கள். செல்லும் செல்லும் ஒட்டும் இணைப்பில், பக்கவாட்டில், இறுக்கமான மேல் மூட்டுக்குக் கீழே இருக்கிறது. காற்று படும் மேல்பக்கத்தில் வைரஸுக்கு எட்டும்படி இல்லை. காற்றோடு வந்து மேலே விழும் வைரஸுக்கு அங்கே பிடிமானம் கிடையாது.

ஆகவே முதல் பலி நுரையீரல் காற்றறைகளிலும் மூச்சுப்பாதையிலும் ரோந்து சுற்றும் மேக்ரோஃபேஜ், டென்ட்ரிடிக் செல்கள். அவற்றில் ஸ்லாம் உண்டு. பிடித்ததை அருகிலிருக்கும் நிணநீர் முடிச்சுக்கு எடுத்துச்சென்று காட்டுவது அவற்றின் கடமை. அந்தக் கடமையே வைரஸுக்கு வண்டியாகிறது. முடிச்சில் ஸ்லாம் ஏந்திய பி, டி செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அங்கே பெருகி, தொற்றிய லிம்போசைட்டுகள் வழியாக ரத்தத்தில் பரவுகிறது. ஒளிரும் புரதத்தின் மரபணுவைச் செருகிய வைரஸைக் குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பச்சை ஒளி இதே வரிசையில்தான் தெரிந்தது.

ஒரு வாரம் பத்து நாள் கழித்து, தொற்றிய நோயெதிர்ப்புச் செல்கள் மூச்சுப்பாதைத் தோலடிக்கு வந்து, உட்பரப்புச் செல்லை அதன் அடிப்பக்கமாக, நெக்டின்-4 வழியாகத் தொற்றுகின்றன. புதிய வைரஸ் மேல்பக்கமாகக் காற்றுக்குள் வெளியாகிறது. இருமல் தொடங்குவது அப்போதுதான். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்புவரை நோயாளி மற்றவர்க்குப் பரப்புவார் என்ற கணக்கு இதிலிருந்து வருவது.

2008-இல் செய்த ஒரு சோதனை இதை அழகாக நிரூபித்தது. உட்பரப்புச் செல்லின் ஏற்பியைப் பிடிக்க முடியாதபடி எச் புரதத்தை மாற்றிய வைரஸைக் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். ரத்தத்தில் வைரஸ் பரவியது, நோய்க்குறிகளும் வந்தன. மூச்சுப்பாதை வழியாக மட்டும் வைரஸ் வெளியேறவில்லை. அந்த ஏற்பியின் பெயர் நெக்டின்-4 என்பது அப்போது யாருக்கும் தெரியாது என்பது கூடுதல் சுவை.

பிடித்த பிறகு சவ்வு எப்படிக் கலக்கிறது?

படிப்படியாகப் பார்ப்போம்.

எச் புரதத்தின் தலை, ஏற்பியின் நுனிப் பகுதியைப் பிடிக்கிறது. காற்றாடியின் நடுக்குழியில் அல்ல, பக்கவாட்டில். இதே குடும்பத்தின் வேறு சில வைரஸ்கள் நடுக்குழியில், செல்லின் மேலிருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிக்கும். தட்டம்மைக்கு அந்த வழக்கம் இல்லை, அதனால் அந்த அமிலத்தை வெட்டும் நியூராமினிடேஸ் வேலையும் எச்சுக்குக் கிடையாது.

பிடித்தவுடன் தலைகள் ஒன்றுக்கொன்று நகர்கின்றன. அந்த அசைவு தண்டுக்கு இறங்குகிறது. தண்டை ஒட்டி நிற்கும் எஃப்புக்கு அதுவே சமிக்ஞை. எஃப் அதுவரை எலிப்பொறியின் விறைத்த கம்பிபோல, ஆற்றலை அடக்கிக்கொண்டு மடங்கி நிற்கிறது. தட்டிவிட்டதும் விரிந்து, தன் நுனியிலுள்ள நீர்வெறுக்கும் பகுதியை எதிரிலிருக்கும் செல்லின் சவ்வில் குத்துகிறது. இப்போது எஃப்பின் ஒரு முனை வைரஸ் சவ்விலும் மறுமுனை செல் சவ்விலும் மாட்டிக்கொண்டது. அடுத்து அது நடுவில் மடங்குகிறது. மூன்று எஃப் சுருள்களும் அவற்றின் இணைச் சுருள்களும் சேர்ந்து ஆறு சுருள் கொண்ட கட்டாக இறுகும்போது இரண்டு சவ்வுகளும் வலுக்கட்டாயமாக நெருங்கி, கலந்து, நடுவில் துளை விழுகிறது. அந்தத் துளை பெரிதாகி ஆர்.என்.ஏ. சுருள் சைட்டோபிளாசத்துக்குள் இறங்குகிறது. படியெடுப்பும் பெருக்கமும் அங்கேயே நடக்கும். உட்கருவுக்குள் போக வேண்டிய தேவை இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, எலிப்பொறி ஒரு முறைதான் அடிக்கும். விரிந்த எஃப் திரும்ப மடங்காது. ஏற்பி இல்லாத இடத்தில், வெப்பத்தாலோ வேறு காரணத்தாலோ எஃப் விரிந்துவிட்டால் அந்த முள் வீண்.

இன்ஃப்ளுயன்சாபோல அமிலத்தன்மை வேண்டாமா?

வேண்டாம். இன்ஃப்ளுயன்சா வைரஸ் எண்டோசோமுக்குள், அதாவது செல் விழுங்கியதை அடைக்கும் சிறு பைக்குள் போய் அமிலம் கூடிய பின்பே சவ்வைக் கலக்கும். தட்டம்மை வைரஸ் செல்லின் வெளிச்சவ்விலேயே, சாதாரண நடுநிலை பி.எச். அளவிலேயே கலந்துவிடும். குளோரோகுவின் போன்ற எண்டோசோம் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் இங்கே நுழைவைத் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஃபியூரின் எங்கே வருகிறது?

நுழையும் செல்லில் அல்ல, வைரஸ் உருவான பழைய செல்லில். எஃப் முதலில் எஃப்0 என்ற ஒரே துண்டாக உருவாகும். கோல்கி உறுப்பில் ஃபியூரின் நொதி அதை எஃப்1, எஃப்2 என்று வெட்டும். வெட்டாத எஃப் பொறி விறைக்காத எலிப்பொறி. ஃபியூரின் கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் இருப்பதால், ஏற்பி உள்ள எந்தத் திசுவிலும் பிறக்கும் வைரஸ் தயார் நிலையில்தான் வெளியே வரும்.

நுண்ணோக்கியில் தெரியும் பெரிய பல்கருச் செல்கள் எப்படி வருகின்றன?

தொற்றிய செல்லின் சவ்விலும் எச், எஃப் இரண்டும் ஏறி நிற்கும். பக்கத்துச் செல்லில் ஏற்பி இருந்தால் வைரஸ் துகளே இல்லாமல் இரண்டு செல்களும் கலந்துவிடும். அது மூன்றாவதை இழுக்கும். நிணநீர்த் திசுவில் காணும் இத்தகைய பெருஞ்செல்களுக்கு வார்தின்–ஃபிங்கெல்டி செல்கள் என்று பெயர். நடுநிலை பி.எச். அளவிலேயே எஃப் வேலை செய்வதால் மட்டுமே இது சாத்தியம்.

தட்டம்மைக்குப் பின் குழந்தைக்கு வேறு தொற்றுகள் அடிக்கடி வருவது ஏன்?

ஸ்லாம் எங்கே அதிகம் என்று பாருங்கள்: தூண்டப்பட்ட லிம்போசைட்டுகளிலும், முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்களிலும். வைரஸ் தேடிப்போய் அழிப்பது அந்தக் கிடங்கை. தடுப்பூசி போடாத நெதர்லாந்துக் குழந்தைகள் 77 பேரின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வில், மற்றக் கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் தட்டம்மையின் பின்னாலேயே வருவதற்கு இது முக்கியக் காரணம். தட்டம்மைக்கு எதிரான நினைவு மட்டும் நன்றாகவே உருவாகிவிடும். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதும் உண்மை, மற்றவை மறந்துபோகும் என்பதும் உண்மை.

வைரஸ் உருமாறித் தடுப்பூசிக்குத் தப்பிவிடாதா?

ஆர்.என்.ஏ. வைரஸ் என்பதால் எழுத்துப்பிழைகள் வரத்தான் செய்கின்றன. மரபு வகைகள் 24 வரை பெயரிடப்பட்டிருக்கின்றன. ஆனாலும் 1954-இல் கிடைத்த ஒரு வைரஸின் வழித்தோன்றல்களான தடுப்பூசிகள் இன்றைய எல்லா வகைகளையும் தடுக்கின்றன. காரணம் எச்சின் தலையில் இருக்கிறது. ஸ்லாமைப் பிடிக்கும் இடமும் நெக்டின்-4-ஐப் பிடிக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. வலுவான ஆன்டிபாடிகள் பல அந்த இடத்தையே மூடுகின்றன. ஆன்டிபாடிக்குத் தப்ப அங்கே மாறினால் ஏற்பியின் பிடி நழுவும். அதுவும் ஒன்றல்ல, இரண்டு ஏற்பிகளின் பிடி. தலையின் மற்றப் பரப்பில் ஒரு பகுதியைச் சர்க்கரைச் சங்கிலி மறைத்திருக்கிறது. ஆக, ஆன்டிபாடிகளின் கவனம் மாறமுடியாத இடத்திலேயே குவிகிறது.

தடுப்பூசியை ஏன் பிறந்தவுடன் போடாமல் 9 மாதம் வரை காத்திருக்கிறோம்?

தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். அதுவும் செல்லுக்குள் நுழைந்து பெருகினால்தான் பலன். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்வரை எச்சின் தலையை மூடி, தடுப்பூசி வைரஸையும் வாசலிலேயே நிறுத்திவிடும். இந்திய அட்டவணையில் எம்.ஆர். (தட்டம்மை–ரூபெல்லா) தடுப்பூசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்து 12 மாதத்துக்குள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள்.

அளவு 0.5 மில்லி, தோலுக்கடியில், வலது மேற்கையில். குப்பியை அதனுடன் வந்த கரைநீரில் மட்டுமே கரைக்க வேண்டும். கரைத்தபின் 4 மணி நேரம், அதுவும் குளிரிலும் நிழலிலும். கரைத்த ஊசிமருந்தை 22–25 டிகிரி அறை வெப்பத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வீரியம் ஏறக்குறைய பாதியாகும், 37 டிகிரியில் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். வெயிலில் நின்ற குப்பி பார்வைக்கு அப்படியே தெளிவாக இருக்கும். போட்ட குழந்தைக்குக் காய்ச்சல்கூட வராது. பாதுகாப்பும் வராது.

ஆய்வகத்தில் மாதிரியிலிருந்து வைரஸ் வளரவே இல்லை. எங்கே பிழை?

முதலில் செல்லைப் பாருங்கள். குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த சாதாரண வீரோ செல்லில் சிடி46 உண்டு, ஸ்லாம் இல்லை. தடுப்பூசி வகை அதில் வளரும், நோயாளியின் வைரஸ் பெரும்பாலும் வளராது. மனித ஸ்லாமைச் செருகிய வீரோ–ஸ்லாம் செல்தான் வேண்டும்.

சரியான செல்தான், ஆனாலும் பயனில்லை என்றால் ஸ்லாமே உதிர்ந்திருக்கலாம். செருகிய மரபணுவைச் செல் தக்கவைத்துக்கொள்ள, அந்தச் செருகல் இல்லாத செல்லைக் கொல்லும் ஜெனெடிசின் மருந்து கலந்த ஊட்டக்கரைசலில், வழக்கமாக ஒரு மில்லிக்கு 400 மைக்ரோகிராம் அளவில், இருப்பு வளர்க்கப்படும். யாரோ ஒருவர் சிக்கனம் பார்த்து அதை நிறுத்தியிருப்பார். பல தலைமுறை கழித்துச் செல் நன்றாகத்தான் தெரியும், வாசல் மட்டும் இருக்காது. ஸ்லாமுக்கான ஆன்டிபாடி சாயமிட்டு செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். மாதிரி ஏற்றும் குடுவையில் இந்த மருந்து தேவையில்லை.

அடுத்தது மாதிரி. தடிப்பு வந்த முதல் சில நாட்களுக்குள் எடுத்த தொண்டைத் துடைப்பு நல்லது. உறையுள்ள வைரஸ் என்பதால் உலர்ந்தால், சூடானால், உறைந்து உருகினால் எஃப்பும் உறையும் கெடும். 4 டிகிரியில் வேகமாக அனுப்புங்கள். தாமதமென்றால் மைனஸ் 70. சாதாரண ஃப்ரீசரின் மைனஸ் 20-இல் போட்டு வைப்பதுதான் மிகவும் கெடுதல்.

பெருஞ்செல் தெரியவில்லை என்று மூன்றாம் நாளே குடுவையைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் பாருங்கள், பிறகு புதிய செல்லுக்கு மாற்றிப் பாருங்கள். நோயை உறுதிசெய்ய மட்டும்தான் என்றால் வளர்ப்பே தேவையில்லை. ரத்தத்தில் ஐ.ஜி.எம். (புதுத் தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி), துடைப்பில் ஆர்.டி.–பி.சி.ஆர். (வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடும் சோதனை) போதும். தடிப்பு வந்து 72 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் ஐ.ஜி.எம். இல்லையென்று வந்தால் அதை இறுதியாகக் கொள்ளக் கூடாது.

குரங்கு ரத்தச் சிவப்பணு ஒட்டுதல் சோதனை புது வைரஸில் ஏன் வேலை செய்வதில்லை?

வைரஸைக் கலந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் அந்தச் சோதனை உண்மையில் சிடி46-ஐத்தான் அளந்துகொண்டிருந்தது. சில குரங்குகளின் சிவப்பணுக்களில் சிடி46 உண்டு, மனிதச் சிவப்பணுவில் இல்லை. எச் என்ற பெயரே ஹீமக்ளூட்டினின், அதாவது சிவப்பணுவை ஒட்டவைப்பது, என்பதன் சுருக்கம். ஊர் வைரஸைப் பொறுத்தவரை அது பொருந்தாத பெயர்.

நுழைவைத் தடுக்கும் மருந்து உண்டா?

எஃப்பின் ஆறு சுருள் கட்டு இறுகாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும் பெப்டைடுகளும் சிறு மூலக்கூறுகளும் ஆய்வகத்தில் உண்டு. மருந்துக்கடையில் எதுவும் இல்லை. தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுக்கிறோமே, அது நுழைவைத் தடுப்பதற்கல்ல. கண்ணையும் உட்பரப்புத் திசுவையும் காப்பதற்கு. 6 மாதத்துக்குக் கீழ் 50,000, 6 முதல் 11 மாதம் வரை 1,00,000, ஒரு வயதுக்கு மேல் 2,00,000 அலகு. அடுத்தடுத்த இரண்டு நாட்கள். இதை மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

மூளையில் ஸ்லாமும் இல்லை, நெக்டின்-4-உம் இல்லை. எஸ்.எஸ்.பி.இ. எப்படி வருகிறது?

தட்டம்மை வந்து ஆறு, எட்டு, பத்து ஆண்டுகள் கழித்து, படிப்பில் மந்தமும் கைகால் வெட்டி இழுப்புமாகத் தொடங்கி மரணத்தில் முடியும் மூளை நோய் இது. இரண்டு வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களுக்கு அபாயம் கூடுதல்.

இங்கே வைரஸ் விதியையே மாற்றிக்கொள்கிறது. மூளையில் காணப்படும் வைரஸில், துகளை ஒன்றுசேர்க்கும் எம் புரதம் பழுதாகியிருக்கும், அதனால் முழுத் துகள் வெளியே உருவாவது அரிது. எஃப்பிலோ, பொறியின் விறைப்பைத் தளர்த்தும் மாற்றங்கள் இருக்கும். லேசாகத் தொட்டாலே விரிந்துவிடும் எஃப் அது. நரம்புச் செல்லில் உள்ள சிஏடிஎம்1, சிஏடிஎம்2 என்ற புரதங்கள் அந்தத் தொடுதலைக் கொடுப்பதாக ஜப்பானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. வழக்கமான ஏற்பி எதிர்ச்செல்லில் இருக்கும். இவை எச் நிற்கும் அதே சவ்விலேயே, பக்கத்தில் நின்று எச்சைத் தட்டுகின்றன. அப்படி நரம்பிலிருந்து நரம்புக்குச் சவ்வைக் கலந்து, துகளே இல்லாமல் ஆர்.என்.ஏ. நகர்கிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய இருந்தும் தடுக்க முடியாததற்கு இது ஒரு காரணம். இத்தகைய எஃப் மாற்றம் கொண்ட வைரஸ் வெப்பத்தைத் தாங்காது. ஆகவே மூளைக்குள் வெல்லும் அந்த வைரஸ் இருமல் வழியாக இன்னொருவரைத் தொற்றும் தகுதியை இழந்துவிடுகிறது. எஸ்.எஸ்.பி.இ. நோயாளியோடு ஒரே அறையில் இருப்பவர் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.